யாழுக்குக் கணக்கெழுதிய துறவி

கோப்பாய்க்குப் புலவர் வழக்கில் கோவை என்று பெயர். ஊரின் வடபாகம் வடகோவை, தென்பாகம் தென்கோவை. வடகோவையிற் பிறந்த சபாபதி நாவலர் திராவிடப் பிரகாசிகை என்னும் நூலினால் தமிழ் வழங்கும் இடமெங்கும் அறியப்பெற்றார். தென்கோவைக்கு உரிய பெருமை அத்துணை வெளிப்படையானதன்று. அவ்வூர்ப் பண்டிதர் கந்தையபிள்ளை கொழும்பு நகரில் வாழ்ந்த காலத்தில், ஆசிரியப் பயிற்சிக்கென அங்கு வந்திருந்த மட்டக்களப்பு இளைஞர் ஒருவர் அவரையடுத்துத் தமிழ் கற்றார். அவ்விளைஞரின் பெயர் மயில்வாகனம். பிற்காலத்தில் உலகம் அவரை விபுலாநந்த அடிகள் என்று அழைத்தது.

அடிகளைத் துறவியென்றும் பேராசிரியரென்றும் கவிஞரென்றும் போற்றுவோர் பலர். அவர் கணக்கறிந்தவர் என்பதை நினைப்போர் சிலரே. மறைந்துபோன ஒரு கருவியின் நரம்புகள் எவ்வெவ் வொலியில் நின்றன என்பதை எண்களால் ஆராய்ந்து எழுதியவர் அவர். மனிதர் விரல் படாமலே கணினி நரம்பொலி எழுப்பும் இந்நாளில் அப்பணியின் அருமை முன்னிலும் நன்கு விளங்குகின்றது. ஆதலின் அவர்தம் வாழ்க்கையை இந்த ஒரு நோக்கிலே காண்பது பயனுடையதாகும்.

காரைதீவிலிருந்து கொழும்புக்கு

1892ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள், இலங்கையின் கீழ்க்கரையிலுள்ள காரைதீவு என்னும் ஊரில், சாமித்தம்பி என்பாருக்கும் கண்ணம்மை அம்மையாருக்கும் மகனாக அடிகள் தோன்றினார். அதே ஆண்டிலேதான் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அரும்பதவுரையோடும் அடியார்க்குநல்லார் உரையோடும் பதிப்பித்து வெளியிட்டார். இளங்கோவடிகளின் காப்பியமும், அதன் இசைப்பகுதிக்குப் பொருள் காணப் பிறந்தவரும் ஒரே ஆண்டில் வெளிப்பட்டமை தற்செயலே. ஆயினும் எண்ணுந்தோறும் இன்பந் தருவது.

கல்முனையிலும் மட்டக்களப்பிலும் ஆங்கிலக் கல்வி பெற்ற மயில்வாகனனார், பதினாறு வயதிலே கேம்பிரிட்சு சீனியர்ப் பரீட்சையிற் சித்தியெய்தினார். சின்னாள் ஆசிரியராய் இருந்தபின், 1911ஆம் ஆண்டில் கொழும்பு அரசினர் ஆசிரிய கலாசாலையிற் சேர்ந்தார். பகலிலே கற்பிக்கும் முறையைக் கற்றார். ஓய்வுபெற்ற வேளையிலே தென்கோவைக் கந்தையபிள்ளையிடமும் கைலாசபிள்ளையிடமும் தமிழ் நூல்களைப் பாடங் கேட்டார். ஆங்கிலக் கல்வி பெற்றோர் தமிழைப் புறக்கணிப்பதும், தமிழ்ப் புலவர் விஞ்ஞானத்தை அயலதென ஒதுக்குவதும் வழக்கமாயிருந்த காலம் அது. இவ்விரு துறைகளும் ஒருவரிடத்தே கூடியமையால் விளைந்த பயன் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே வெளியாயிற்று.

1916ஆம் ஆண்டில் இரண்டு பரீட்சைகளை அவர் கடந்தார். ஒன்று கொழும்புத் தொழினுட்பக் கல்லூரி நடாத்திய விஞ்ஞான டிப்ளோமாப் பரீட்சை. மற்றொன்று மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதப் பரீட்சை. அப்பண்டிதப் பட்டம் பெற்ற முதல் ஈழத்தவர் அவரே. ஒரு கையில் சோதனைக்குழாயும் மறுகையில் தொல்காப்பியமும் ஏந்திய அவ்விளைஞரை யாழ்ப்பாணம் விரும்பி அழைத்தது.

யாழ்ப்பாண வாழ்வும் துறவும்

1917இல் யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராக அவர் அமர்ந்தார். அங்கிருந்த காலத்தே இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியரானார். தமக்குத் தமிழ் சொன்ன ஆசிரியரின் ஊரிலிருந்து சில மைல் தொலைவிலே, அவரே பல ஆசிரியர்க்குத் தலைவராய் விளங்கினார். மதுரை வரை செல்ல இயலாத ஈழத்து மாணவர் தம் நாட்டிலேயே பண்டிதப் பரீட்சை எழுதுதற்கு வழி செய்த ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தின் தோற்றத்திலும் அவர் முன்னின்று உழைத்தார்.

தலைமையாசிரியர் பதவி, பட்டம், ஊரார் மதிப்பு ஆகிய யாவும் முப்பது வயதுக்குள் வந்து சேர்ந்தன. இவற்றையெல்லாம் விட்டு 1922இல் அவர் சென்னை இராமகிருஷ்ண மடத்தை நாடிச் சென்றார். பிரபோத சைதன்யர் என்னும் பிரமசரியப் பெயருடன் மடத்தின் தமிழ், ஆங்கில வெளியீடுகளிற் பணிபுரிந்து, 1924இல் சந்நியாசம் பெற்று விபுலாநந்தரானார். மறு ஆண்டு இலங்கைக்கு மீண்டு, மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் யாழ்ப்பாணத்திலும் மிஷன் பாடசாலைகளைப் பேணி வளர்த்தார். 1926இல் மதங்க சூளாமணி என்னும் நாடகவியல் நூலை மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. 1929இல் மட்டக்களப்பில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது.

1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக ஏற்றது. ஈராண்டுகளே அப்பதவியில் இருந்தார். சிதம்பரத்துச் சூழலும் தமிழிசை பற்றிய ஆராய்ச்சியும் அவர் உள்ளத்தில் நெடுநாளாய் இருந்த ஒரு வினாவைக் கிளர்ந்தெழச் செய்தன. யாழ் என்று சங்கச் சான்றோர் பாடிய கருவி யாது? அஃது எவ்வாறு ஒலித்தது?

யாழின் புதிர்

வில்யாழ், சீறியாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் எனப் பல பெயர்களை நூல்கள் கூறுகின்றன. கருவியோ ஒன்றும் எஞ்சவில்லை. இடைக்காலத்தில் வீணை மேலோங்க, யாழ் வழக்கொழிந்தது. அதனை இசைத்த பாணர் மரபும் உடன் மறைந்தது. இசை நுணுக்கம் முதலிய பழைய இசைத்தமிழ் நூல்களுள் உரையாசிரியர் எடுத்துக்காட்டிய சில பகுதிகளே கிடைத்தன.

வீணையில் மெட்டுக்கள் உண்டு. ஒரே தந்தியில் பல சுரங்களைப் பிடிக்கலாம். யாழில் மெட்டில்லை. ஒரு நரம்பு ஓர் ஒலியே தரும். ஆதலால் யாழின் இசையெல்லாம் அதன் நரம்புகளைக் கூட்டும் முறையிலே அடங்கியுள்ளது. எந்நரம்பு எவ்வளவில் நிற்கவேண்டும் என்பதை அறியாதார்க்கு யாழின் வடிவம் கிடைத்தாலும் பயனில்லை. கொம்பும் நரம்பும் சேர்ந்த மரத்துண்டே கிடைத்ததாகும்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழாசிரியனது தகைமையைக் கூறும் இருபத்தைந்து அடிகள் உள. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகளுக்கும் முறையே நான்கு, நான்கு, மூன்று, இரண்டு, நான்கு, மூன்று, இரண்டு என மாத்திரை வகுத்தனர் முன்னோர். கூட்டினால் இருபத்திரண்டு. இணை, கிளை, பகை, நட்பு என நரம்புகளுக்கிடையே உறவும் கூறினர். தமிழ் மட்டும் கற்றவர்க்கு இவை உரையிற் கண்ட சொற்கள். பௌதிக நூல் மட்டும் கற்றவர்க்கோ இவை பொருள் விளங்காத தொடர்கள். இரண்டையும் கற்ற அடிகளுக்கு இவை தீர்த்தற்குரிய கணக்குகளாகத் தோன்றின.

அவர் கொண்ட முறையின் அடிப்படையைச் சிறு மாணவரும் அறிவர். இழுத்துக் கட்டிய நரம்பைப் பாதியாகக் குறைத்தால் அதிர்வு இரட்டிக்கும். மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்தால் அதிர்வு ஒன்றரை மடங்காகும். ஒன்றரை மடங்கில் நிற்கும் ஐந்தாம் நரம்பே குரலுக்குக் கிளையாகிய இளி. அதன் கிளை, அக்கிளையின் கிளை எனத் தொடர்ந்து சென்றால் மற்றை நரம்புகளும் பிறக்கும். குரலாக நிற்கும் நரம்பை மாற்றினால் செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை என எழுபாலையும் தோன்றும்.

சொல்லுதற்கு எளிதாகிய இம்முறையைச் செய்து பார்த்தால் ஓர் இடர் எதிர்ப்படும். குரலுக்கு வினாடிக்கு 240 அதிர்வு எனக் கொள்வோம். கிளைமுறையில் பன்னிரண்டு முறை ஏறி, இரட்டித்த அளவைக் கழித்துக்கொண்டே வந்தால், மீண்டும் 240இல் வந்து நிற்கவேண்டும் என்று செவி எதிர்பார்க்கும். கணக்கோ 243.27இல் நிறுத்தும். இம்மூன்றேகால் அதிர்வை எங்கே மறைப்பது, எந்நரம்பிற் குறைப்பது என்பதே உலகத்து இசைவாணர் யாவரும் எதிர்கொண்ட சிக்கல். மேனாட்டார் அதனைப் பன்னிரண்டு பங்காக்கி எல்லாச் சுரங்களின்மேலும் ஒப்பப் பரப்பினர். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் இருபத்துநான்கு சமசுருதி என்று வாதித்தார். அடிகள் இருபத்திரண்டு என்னும் பழைய எண்ணையே பற்றி, ஒவ்வொன்றுக்கும் உரிய பின்னங்களை ஆராய்ந்தார். இருவரும் பேரறிஞர், இருவரும் சிலப்பதிகாரத்தையே சான்றாகக் கொண்டவர். முடிவு வேறாயினும், கணக்குப் பாராமல் இசையின் வரலாறு எழுதலாகாது என்பதில் இருவரும் ஒத்தனர்.

பத்தாண்டுகளுக்கு மேலாக இவ்வாராய்ச்சி நடைபெற்றது. 1939 முதல் இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆச்சிரமத்தில் தங்கிப் பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கிலத் திங்களிதழின் ஆசிரியராய் அவர் இருந்தார். அப்பனிமலையிலும் பாலைத் திரிபு அவரை விட்டகலவில்லை. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகக் கொழும்புக்கு வந்தபோது அவர் உடல்நலம் குன்றியிருந்தது. ஆயினும் எடுத்த நூலை முடிக்கவேண்டும் என்னும் உறுதி குன்றவில்லை. பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என்னும் ஏழியல்களால் யாழ் நூல் நிறைவெய்தியது. இருபத்தைந்து அடிகளுக்கு எழுந்த விரிவுரை ஒரு பெருநூலாயிற்று.

கணினியின் கட்டளைகள்

இங்கே, அடிகள் மறைந்தபின் உலகில் நிகழ்ந்த ஒரு மாற்றத்தைச் சிறிது நோக்குதல் வேண்டும். அதனை அறிந்தாலன்றி அவர் எழுதிய எண்கள் இன்று எதற்கு என்பது விளங்காது.

யாழ் நூல் வெளிவந்து பத்தாண்டு கழித்து, 1957இல், அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் மாக்ஸ் மத்தியூஸ் என்னும் பொறியியலாளர் எழுதிய நிரலைக் கொண்டு ஒரு கணினி 17 வினாடி அளவான இசையை ஒலித்தது. அந்த வழியிலே பல இசை மொழிகள் பின்னர்த் தோன்றின. அவற்றுள் புகழ் பெற்ற ஒன்று சீசவுண்ட் என்பது. மாசச்சூசெட்ஸ் தொழினுட்பக் கழகத்தில் பாரி வெர்கோ என்பார் 1986ஆம் ஆண்டளவில் அதனை உருவாக்கினார். எவரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தக்கூடிய மொழி அது.

இம்மொழியில் ஒலியை உண்டாக்குதற்கு வேண்டிய கட்டளைகள் முன்னரே அமைக்கப்பெற்றுள்ளன. ஆசில் என்னும் கட்டளை அலையை எழுப்பும். பிளக் என்னும் கட்டளை நரம்பைத் தெறித்தாற் போன்ற ஓசை தரும். 1983இல் கார்ப்பிளசு, ஸ்ட்ரோங் என்னும் இருவர் வெளியிட்ட முறையைத் தழுவியது அது. ஒழுங்கற்ற எண்கள் சிலவற்றை வரிசையாக வைத்து, அடுத்தடுத்த எண்களின் சராசரியை மீண்டும் மீண்டும் எடுத்துச் சென்றால், கரகரத்த தொடக்கவோசை படிப்படியாகத் தெளிந்து, தெறித்த நரம்பின் ஒலி போல மெல்ல அடங்குகின்றது. கொம்புமின்றி நரம்புமின்றி யாழோசையை நிகர்த்த ஓசை பிறக்கின்றது!

ஓசை பிறந்தால் போதுமா? அஃது எவ்வளவில் நிற்கவேண்டும் என்று சொல்லவேண்டுமே. அதற்கும் ஓர் உள்ளமைந்த கட்டளை உண்டு, சி.பி.எஸ்.பி.சி.எச். என்னும் ஆறெழுத்தால் அதனை எழுதுவர். சுரத்தின் பெயரெண்ணைக் கொடுத்தால் அதிர்வெண்ணைத் தரும். ஆனால் அதன் வயிற்றுள் இருப்பது மேனாட்டாரின் பன்னிரு சமபங்கு. 240ஐக் குரலாகக் கொண்டு அச்சமபங்கில் இளியைக் கணித்தால் 360 வருவதில்லை, 359.59 வருகின்றது. மூன்றாம் நரம்பில் வேற்றுமை இன்னும் பெரிது. ஐந்துக்கு நான்கு என்னும் பின்னத்தால் அது 300. கிளைமுறையில் நான்கு படி ஏறி இறங்கினால் 303.75, சமபங்கில் 302.38. ஒரே நரம்புக்கு மூன்று விடைகள். எப்பண்ணுக்கு எவ்விடை பொருந்தும் என்பது செவியும் நூலறிவும் கூடித் தெளியவேண்டிய செய்தி. கட்டளையோ நம்மைக் கேளாமலே மூன்றாவதைத் தேர்ந்துவிடுகின்றது.

சி.பி.எஸ்.2.பி.சி.எச். என மற்றொரு கட்டளையும் உண்டு. இரட்டித்த அளவை எத்தனை பங்காக்குவது என்பதை நாமே அதற்குச் சொல்லலாம். நம்மவர் ஒருவர் மகிழ்ந்து, இருபத்திரண்டு என்று எழுதிவிட்டால் முன்னோர் முறை கைகூடியதென எண்ணக்கூடும். அஃது ஏமாற்றமே. பதின்மூன்றாம் மாத்திரையில் நிற்கவேண்டிய ஐந்தாம் நரம்பு 360இல் நில்லாது 361.49க்கு ஏறிவிடும். கிளை பகையாகும். இருபத்திரண்டு என்னும் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அவ்விருபத்திரண்டும் சமமல்ல என்பதை விட்டதனால் வந்த பிழை இது. பொறி பொய் சொல்லவில்லை; கேட்டதைக் கொடுத்தது. கேட்டவர்க்குக் கேட்கத் தெரியவில்லை.

இதற்குப் பரிகாரமும் அக்கட்டளையிலேயே உள்ளது. பங்கெண்ணுக்கு ஈடாகக் கழித்தற்குறியோடு ஒரு பட்டியலின் எண்ணைக் கொடுத்தால், அப்பட்டியலில் நாம் எழுதிவைத்த பின்னங்களின்படியே அது நரம்புகளைக் கூட்டும். ஆகவே எஞ்சி நிற்கும் வினா ஒன்றே: பட்டியலில் எதனை எழுதுவது? அதற்கு விடை சொல்ல எப்பொறியாலும் இயலாது. சிலப்பதிகாரத்தையும் உரையையும் கற்று, கணக்கிட்டு, செவியாற் சோதித்து அறிந்தவரே சொல்லவேண்டும். அப்பட்டியலை எழுதுதற்கே அடிகள் தம் பிற்கால வாழ்வைச் செலவிட்டார்.

அரங்கேற்றமும் மறைவும்

1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் யாழ் நூல் அரங்கேறியது. பழைய முறையில் நிகழ்ந்த அவ்விழாவில், அடிகளின் ஆராய்ச்சியின்படி அமைக்கப்பெற்ற இசைக்கருவிகள் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டன. புலவரும் இசைவாணரும் சூழ்ந்திருந்தனர். பல நூற்றாண்டு ஊமையாய்க் கிடந்த கருவிக்கு ஒரு துறவியினால் மீண்டும் நாவு கிடைத்தது என்று கண்டோர் மகிழ்ந்தனர்.

அம்மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. சில வாரங்களே சென்றன. ஜூலை 19ஆம் நாள் கொழும்பில் அடிகள் மறைந்தார். அவர்க்கு அகவை ஐம்பத்தைந்து. மட்டக்களப்பிலே, அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலயச் சூழலில் அவர் திருமேனி அடக்கஞ் செய்யப்பெற்றது. உள்ளக் கமலத்தை இறைவனுக்கு உரிய மலராகப் பாடிய அவர் பாடலை ஈழத்துப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் அறிவர்.

யாழ் நூலின் முடிவுகள் அனைத்தையும் அறிஞர் எல்லாரும் ஏற்றுக்கொண்டனர் என்று கூறுவதற்கில்லை. பாலைகளை இன்ன இராகம் என்று துணிவதிலும், மாத்திரைகளை எண்ணுவதிலும் கருத்து வேற்றுமை உண்டு. அடிகளே முடிந்த முடிபென்று வாயிலை அடைத்தவரல்லர். தாம் கண்ட எண்களை வெளிப்படையாக எழுதிவைத்தார். தவறு காண்போர் காணலாம், திருத்துவோர் திருத்தலாம். மறைத்துவைக்கப்பட்ட கணக்கைத் திருத்த ஒருவராலும் ஆகாது. ஆறெழுத்துக் கட்டளைக்குள் ஒளிந்திருக்கும் பன்னிரு சமபங்கை அறியாமலே பயன்படுத்துவார்க்கு அதனோடு வாதிடும் வாய்ப்பே கிடைப்பதில்லை.

கோப்பாயில் இன்றும் ஆசிரியர் பயிற்சி நடைபெறுகின்றது. அங்கே பயில்வோர் நாளை கணிதமோ இசையோ தமிழோ கற்பிக்கச் செல்வர். கணினியை ஆளத் தெரிந்த மாணவர் அவர்களிடம் வருவர். அம்மாணவர்க்கு இசை மொழியின் கட்டளைகளைக் கற்பித்தல் நன்று. அக்கட்டளைக்குள் இருப்பது எவர் கணக்கு என்று கேட்கக் கற்பித்தல் அதனினும் நன்று. 240ஐயும் 360ஐயும் கரும்பலகையில் எழுதி, ஒரு நரம்பைத் தெறித்துக் காட்டி, சிலப்பதிகாரத்தைத் திறந்து வைத்துப் பாடம் நடாத்தக்கூடிய ஆசிரியர் ஒருவர் ஊர்தோறும் வேண்டும். நூறாண்டுக்கு முன் கொழும்பில் ஓய்வுவேளையிலே ஓர் இளைஞனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த தென்கோவைப் பண்டிதர், தாம் விதைப்பது எங்கே சென்று விளையும் என்று அறிந்திருக்கமாட்டார். கற்பிப்போர் எவரும் அதனை முன்னறிவதில்லை; ஆயினும் கற்பிக்கின்றனர்.